மருமகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மெட்ராஸ் ராஜதானியில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு 1854இலேயே பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்துவிட்டது. 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்கான வகுப்பு நான்கே மாணவிகளோடு தொடங்கியது. 1926இல் சட்டம் போட்டு நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் கவுன்சில், பதிவேடு எல்லாம் ஏற்படுத்தினார்கள். பிறக்கும் குழந்தையை யார் கையில் வாங்கலாம், காயத்துக்கு யார் கட்டுப்போடலாம் என்பதற்குத் தகுதி உண்டு, தேர்வு உண்டு, பதிவு எண் உண்டு. கை கால் விழுந்து வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மலம் அள்ளி, புரட்டிப் படுக்கவைப்பவருக்கு மட்டும் பள்ளிக்கூடம் எதுவும் வரவில்லை. அதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் மருமகள் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

அந்த மருமகளுக்கு இன்று பாடம் கைப்பேசியில் வருகிறது. அது அவளிடம் வந்து சேர்ந்த பாதை நீளமானது. லண்டனில் ஓர் ஏழைகள் விடுதியில் புறப்பட்டு, முதலில் டாக்டர்களிடம் போனது. பிறகு நர்ஸ்களிடம், பிறகு சம்பளத்துக்கு வரும் ஆட்களிடம். வீட்டுப் பெண் வரிசையின் கடைசியில் நின்றாள். முழு நாளும் வேலை செய்பவள் அவள்தான் என்றாலும்.

“அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டிலேயேதானே பார்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்துக்கொண்டார்கள்தான். எத்தனை பேரை, எத்தனை வருடம்? நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதையொட்டி இருந்தது. குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்ததால் இறங்கிய சராசரி அது; எண்பது வயதுக் கிழவிகள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த கிழவியோ பக்கவாதம் வந்த கிழவரோ சளி கட்டி, புண் வைத்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடுவதுதான் வழக்கம். ஆன்டிபயாடிக், மூக்குக் குழாய், யூரின் பை, காற்று மெத்தை எல்லாம் வந்த பிறகுதான் படுக்கை வருடக்கணக்கில் நீண்டது. பாட்டி தன் மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் பேத்திக்கு அப்படியே கைகொடுக்காததற்குக் காரணம் இது. பேத்தியின் பொறுமைக் குறைவு அல்ல.

வீடில்லாத முதியோரின் பொறுப்பு தர்மத்தின் கணக்கில் இருந்தது. மெட்ராஸில் 1812இல் தொடங்கிய ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி ஆதரவற்றவர்களுக்கு இடம் கொடுத்தது. பிரான்சில் ழான் ஜுகான் தொடங்கிய ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்’ சபையின் கன்னியர்கள் 1882இல் கல்கத்தாவுக்கு வந்து முதியோர் இல்லம் வைத்தார்கள். காய்கறியும் அரிசியும் வாசல் வாசலாகக் கேட்டு வாங்கி வந்து சமைத்துப் போடுவது அவர்கள் முறை. புதிதாக வரும் கன்னியர் மூத்தவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். மோசமான முறை அல்ல அது; ஆனால் பழகியது மடத்தின் சுவரைத் தாண்டவில்லை.

1935இல் லண்டனின் மேற்கே, ஐஸில்வர்த் ஏழைகள் விடுதியின் நோயாளிக் கூடத்தைப் பக்கத்திலிருந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை எடுத்துக்கொண்டது. மொத்தம் 714 படுக்கைகள். பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற அறுவை மருத்துவம் பழகிய பெண் டாக்டரிடம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், வருடக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்காதவர்கள். எதற்காகப் படுத்திருக்கிறார்கள் என்று பலருக்குக் குறிப்புகூட இல்லை. “வயதாகிவிட்டது” என்பதே நோயின் பெயர். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்துப் பிரித்தார். எழுப்பி உட்கார வைக்கக் கூடியவர்களை உட்கார வைத்தார். உட்கார்ந்தவர்களை நடக்க வைத்தார். மங்கிய சுவர்களுக்கு வெளிர் நிறம் பூசச் செய்தார், விளக்குகளைக் கூட்டினார், பிடித்து நடக்கக் கம்பி வைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். 1943இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை எழுதியபோது, முதியோர் மருத்துவம் தனிப் பிரிவாக வேண்டும், மாணவர்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். படுக்கையில் கிடத்துவதே ஒரு நோய் என்பதை வார்டு வார்டாகக் காட்டியவர் அவர்.

டாக்டருக்குப் பிறகு நர்ஸ். டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நர்ஸின் ஆய்வு 1962இல் நூலாக வந்தது. படுக்கைப் புண்ணுக்கு அந்த நாள் மருத்துவமனைகள் ஸ்பிரிட் தடவின. முட்டை வெள்ளைக்கரு தடவின. களிம்பு, பவுடர் என்று ஆளுக்கொரு வைத்தியம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நல்ல நர்ஸுக்கு அடையாளம். நார்ட்டனும் அவரது கூட்டாளிகளும் கண்டது, எதைத் தடவுகிறோம் என்பதல்ல முக்கியம், அழுத்தத்தை எப்போது எடுக்கிறோம் என்பதுதான். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுகோலை உருவாக்கினார்கள். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிவந்த தோலைத் தேய்க்கக் கூடாது என்பது இன்றைய விதி; தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் கிழியும். ரப்பர் காற்று வளையத்தின் மேல் உட்கார வைப்பதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளில் அந்த வளையம் இன்னும் கிடைக்கிறது, தாத்தாக்களின் முதுகில் பவுடர் இன்னும் கொட்டப்படுகிறது. பாடம் மாறிய செய்தி வீட்டுக்குப் போய்ச் சேராததன் விலை அது.

புரட்டுவதையே எடுத்துக்கொள்ளலாம். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். எப்படித் திருப்புவது? இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் கட்டிலின் இடப்பக்கம் நிற்க வேண்டும். படுத்திருப்பவரின் வலது முழங்காலை மடக்கி, வலது கையை மார்பின் மேல் போட்டு, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்துத் தன் பக்கம் உருட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கவாதம் வந்த கையாக இருந்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். உருட்டிய பிறகு முதுகுக்குப் பின்னால் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. கட்டிலின் தலைப்பக்கம் ஏற்றுவதற்கு அக்குளில் கைகொடுத்து இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. தோல் விரிப்பில் உரசி அங்கேதான் புண் தொடங்குகிறது. பழைய எட்டு முழ வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டுவைத்தால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்திவிடலாம். தன் முதுகும் பிழைக்கும்.

ஐந்து நிமிடத்தில் காட்டிவிடக் கூடிய விஷயம்தான். டிஸ்சார்ஜ் நாளன்று பில் கட்டும் வரிசையில் நிற்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

வாரன் தொடங்கிய துறையை பிரிட்டனில் பயின்று திரும்பியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் முயற்சி. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது, அதுவும் நாட்டிலேயே முதல். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொதுமக்களுக்காக அவர் தமிழில் தொடர்ந்து எழுதியதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டாக்டருக்கும் வீட்டுக்கும் நடுவே அப்போது வேறு பாலமே இல்லை. அதே 1978இல்தான் சாவித்திரி வைத்தி சென்னையில் ‘விஸ்ராந்தி’ இல்லத்தைத் தொடங்கினார்; ஹெல்ப்ஏஜ் இந்தியாவும் அதே ஆண்டில் பிறந்தது. மூன்றும் பேசி வைத்துக்கொண்டு நடக்கவில்லை. முதுமை வீட்டுக்குள் அடங்காத விஷயமாகிவிட்டதை மூன்று வேறு ஆட்கள் ஒரே சமயத்தில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1990களில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் நகரங்களில் பெருகின. பிள்ளைகள் வெளிநாட்டில் அல்லது பெங்களூரில். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பிள்ளைகளின் எண்ணிக்கையும் இரண்டு, ஒன்று என்று குறைந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். ‘ஹோம் நர்ஸ்’ என்று வாசலில் வந்து நின்ற பெண்களில் பலர் நர்ஸ் படிப்பின் பக்கமே போகாதவர்கள். வயல் வேலையிலிருந்தோ மூடிப்போன தொழிற்சாலையிலிருந்தோ வந்தவர்கள். பன்னிரண்டு மணி நேர ஆள், 24 மணி நேர ஆள் என்று இரண்டு ரகம், கமிஷன் ஏஜென்சிக்கு. முதல் வீட்டில் தெரியாமல் செய்து, இரண்டாவது வீட்டில் பயந்து பயந்து செய்து, மூன்றாவது வீட்டில் கைதேர்ந்துவிடுவார்கள். முதல் வீட்டுப் பெரியவரின் முதுகில்தான் அவர்கள் பாடம் படித்தார்கள் என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பெண்கள் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? நர்ஸுக்கு 1926 முதல் இருக்கும் பதிவேட்டைப் போல ஒன்று அவர்களுக்கு இல்லை. கற்றாலும் கற்காவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான்.

அரசு தன் பங்குக்கு 1999இல் முதியோருக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. தில்லியின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் ஓராண்டுப் பட்டயம், ஆறு மாதச் சான்றிதழ் என்று படிப்புகளை நடத்தியது. 2015க்குப் பிறகு திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கும் இடம் கிடைத்தது. கோவிட் இரண்டாவது அலை தணியத் தொடங்கிய கையோடு, 2021 ஜூன் 18 அன்று, ஒரு லட்சம் பேரைத் தயாரிக்கும் விரைவுப் பயிற்சியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 26 மாநிலங்கள், 111 மையங்கள், ஆறு வகை வேலைகள். ‘வீட்டுப் பராமரிப்பு உதவி’ அந்த ஆறில் ஒன்று. இவை எல்லாமே வேலை தேடுபவருக்கான வகுப்புகள். சொந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் வேலை தேடவில்லை. வேலை அவளைத் தேடிவந்துவிட்டது. அவளை எந்த மையத்தில் சேர்ப்பது?

கேரளம் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரண கிளினிக் ஒன்றைத் தொடங்கியவர்கள், நோயாளிகளில் பலர் கிளினிக்குக்கு வரவே முடியாதவர்கள் என்று விரைவில் புரிந்துகொண்டார்கள். வீட்டுக்குப் போக டாக்டர்கள் போதாது. அதனால் ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று ஊர்க்காரர்களையே பழக்கினார்கள். வகுப்பறையில் 16 மணி நேரம், பிறகு நான்கு நாள் ஹோம் கேர் குழுவோடு நோயாளிகள் வீட்டுக்கு. பாதி சொல், பாதி கை. 2008இல் அதையே மாநிலம் கொள்கையாக ஏற்றது.

கைப்பேசிப் பாடத்தின் கதைக்கும் கேரளத்தில் ஒரு தொடக்கம் உண்டு. 1998இல் கொச்சியில் அல்சைமர் நோய் பற்றிய சர்வதேச மாநாடு கூடியது. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற கணக்கைப் பெயராகவே வைத்துக்கொண்டு ‘10/66’ என்ற ஆய்வுக் குழு அங்கே உருவானது. அந்தக் குழுவுக்காகத் திருச்சூர் பக்கம் டாக்டர் கே. எஸ். ஷாஜியும் சகாக்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மறதியும் கோபமும் ஒரு நோயால் வருகின்றன என்றே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. வயதானால் அப்படித்தான் என்றார்கள்; வேண்டுமென்றே செய்கிறார் என்றார்கள். பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மருமகள்களும் நிறைய. “சாப்பாடே போடல” என்று மாமியார் தெருவில் போய்ச் சொன்னால் அது நோயின் பேச்சு என்று ஊருக்குத் தெரியாது. மருமகள் கெட்டவள் என்றுதான் தெரியும். தூக்கக் குறைவை எப்படியோ தாங்கிவிடலாம், இந்தப் பழியைத் தாங்குவது கடினம்.

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ‘ஐசப்போர்ட்’ என்ற இணையப் பயிற்சியை உருவாக்கியது. ஐந்து பகுதிகள், 23 பாடங்கள். நோய் என்ன, அன்றாடப் பராமரிப்பு எப்படி, மாறிப்போன நடத்தையை எப்படிச் சமாளிப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது எப்படி என்றெல்லாம் படிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு, பெரியவர் தூங்கிய பிறகு, யாரையும் தொந்தரவு செய்யாமல் படிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இதைச் சோதித்துப் பார்த்த முதல் இடங்களில் ஒன்று பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். 2021இல் அந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சேர்ந்தவர்கள் 151 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடைசிவரை நிற்கவில்லை. முடித்தவர்களிடமும் மனச்சோர்வோ சுமையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது: நோயாளியை நோயாக அல்லாமல் ஆளாகப் பார்க்கும் மனப்பாங்கு கூடியிருந்தது.

பாதியில் விட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்திருப்பவர் படிப்பதற்காக விழித்திருக்கவில்லை. பாடமும் ஆங்கிலத்தில் இருந்தது. கணினி பழகிய, படித்த நகரத்துக் குடும்பங்களுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்களை யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு இடங்களில் இணையப் பாடம் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் மறதி நோயைப் பற்றி 2013இல் தொடங்கிய இலவச இணையப் படிப்பில் உலகெங்கிலுமிருந்து லட்சக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறார்கள். அறிவு கிடைக்க வேண்டும் என்றால் திரை போதும். பெங்களூரிலும் மாறியது அறிவோடு ஒட்டிய அந்த ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூரு முடிவைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு கோவாவில் நடந்ததோடு வைத்துப் பார்ப்பது நல்லது. 10/66 குழுவின் வழியில் டாக்டர் அமித் டயஸும் சகாக்களும் 81 குடும்பங்களைச் சேர்த்து நடத்திய சோதனை அது, 2008இல் வெளியானது. இணையம் இல்லை. மேல்நிலைப் பள்ளி முடித்த, கொங்கணி பேசத் தெரிந்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து ஆறு மாதம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது போவார்கள். நோயைப் பற்றிச் சொல்வார்கள், குளிப்பாட்டுவதற்கும் உடுத்துவதற்கும் வழி சொல்வார்கள், டாக்டரிடம் போக வேண்டுமா என்று பார்ப்பார்கள். முதியோருக்கான அரசு உதவிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, இதே கஷ்டத்தில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்த்தும் வைப்பார்கள். நோயாளியின் நடத்தையில் பெரிய மாற்றம் இல்லை. பார்த்துக்கொள்பவரின் மனநலம் தெளிவாகத் தேறியிருந்தது. உதவித்தொகை எங்கே கேட்பது என்று சொல்ல வந்த ஆளிடம்தான் மனிதர்கள் தங்கள் தூக்கமின்மையையும் சொல்வார்கள் போலிருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் காசு போகும் வழி திரைப் பக்கம்தான். காரணம் எளிது. ஒரு முறை படம்பிடித்த பாடத்துக்கு இன்னொரு ஆளைச் சேர்க்கச் செலவில்லை. வீட்டுக்குப் போகும் ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தச் சம்பளம் ஒரு வழியாகப் போகத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, மாத்திரை கொடுக்க வரும் பெண் தன்னார்வலர்களோடு பிசியோதெரபிஸ்டும் வலி நிவாரணப் பராமரிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவது என்று ஏற்பாடானது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டும் சேர்ந்தவர், பிசியோதெரபி தேவைப்படுபவர், வலி நிவாரணப் பராமரிப்பில் இருப்பவர், சிறுநீரகம் செயலிழந்து வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள் தேவைப்படுபவர் என்று ஆறு வகையாகப் பயனாளிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் தனி வகை அல்ல. பிசியோதெரபிஸ்ட் வரும்போது பக்கத்தில் நின்று கவனிக்கலாம், சந்தேகம் கேட்கலாம்.

அந்தக் கடைசி வகையில் மட்டும் நிலைமை வேறு. வயிற்றுவழி டயாலிசிஸ் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவருக்கோ, பார்த்துக்கொள்ளப்போகும் மனைவிக்கோ மகளுக்கோ மருத்துவமனை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். கை கழுவுவது, முகக்கவசம் போடுவது, பையை மாட்டுவது, வெளியேறும் நீர் கலங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது எல்லாவற்றையும் அவர்கள் கையால் திரும்பத் திரும்பச் செய்துகாட்டிய பிறகுதான் பைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பிசகினால் வயிற்றில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தக் கண்டிப்பு. பக்கவாத நோயாளியை அனுப்பும்போது அப்படியொரு கட்டாயம் இல்லை, படுக்கைப் புண்ணிலும் சீழ் பிடிக்கிறது என்றாலும்.